நீலம் தெரியாதவர்கள்: நிறப்பார்வை ஆய்வின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

தோடர்களைப் பற்றிப் பேசுகிற யாரும் 1906ல் வெளிவந்த ரிவர்ஸின் தடித்த புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது. மந்துகள், எருமைப்பால் சடங்குகள், பலகணவர் மணமுறை, குடும்பம் குடும்பமாகத் தொகுத்த வம்சாவளிப் பட்டியல்கள் என்று எல்லாம் அதில் இருக்கின்றன. மானிடவியல் படித்த நண்பர்கள் அதை ஒரு செவ்வியல் பிரதி என்பார்கள். இருக்கட்டும். அதே டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், அதே 1901-02 பயணத்தில், தோடர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முன்னால் கம்பளி நூல் கண்டுகளைக் குவித்து, ஒரு கண்டை எடுத்துக் காட்டி இதோடு சேர்வதையெல்லாம் பொறுக்கச் சொன்ன கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த முடிவுகள் 1905ல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் வந்தன. ஊராளிகளின், சோளகர்களின் கண்களைச் சோதித்த முடிவுகள் அதற்கும் முன்பே, 1903ல், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீட்டு வரிசையில் வந்துவிட்டன. சோளகர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்துச் சித்திரவதைகள். அவர்களுடைய கண் அதற்குத் தொண்ணூறு வருஷம் முன்னாலேயே ஓர் ஐரோப்பிய விவாதத்தில் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டிருந்தது.

கேம்பிரிட்ஜிலிருந்து ஒருவர் கப்பலேறி வந்து, நீலமலை என்றே பெயர் வைத்த இடத்தில், அங்கிருக்கிற மக்களுக்கு நீலம் தெரிகிறதா என்று ஏன் பார்க்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் நீலகிரியில் இல்லை. லண்டன் அரசியலிலும் ஹோமரின் காவியத்திலும் இருக்கிறது.

நான்கு முறை இங்கிலாந்தின் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன், பிரதமராவதற்குப் பத்து வருஷம் முன்பு, 1858ல், ஹோமரைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். அதில் நிறத்தைப் பற்றி ஓர் இயல். ஹோமரிடம் நிறச் சொற்கள் ரொம்பக் குறைவு, இருக்கிறவையும் குழப்பமானவை, கடலும் மாடும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன, வானத்தை நீலம் என்று எங்குமே சொல்லவில்லை என்று கணக்கெடுத்துக் காட்டினார். அவர் எட்டிய முடிவுதான் சுவாரசியம்: அந்தக் காலத்துக் கிரேக்கர்களின் நிறப் புலன் பாதிதான் வளர்ந்திருந்தது, அவர்கள் உலகத்தை வெளிச்சமும் இருட்டுமாகவே பார்த்தார்கள். சொல்லில் இருந்து கண்ணுக்கு ஒரே தாவல். 1867ல் லாசரஸ் கைகர் பிராங்க்பர்ட்டில் ஆற்றிய உரையில் இதை வேதங்களுக்கும் பிற பழம் பிரதிகளுக்கும் நீட்டினார். ரிக் வேதத்தில் வானம் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, ஆனால் நீலமாக ஒரு தடவைகூட வரவில்லை என்றார். 1877ல் பிரெஸ்லாவ் நகரத்துக் கண் மருத்துவர் ஹ்யூகோ மாக்னுஸ் இதைப் பரிணாமக் கோட்பாடாகவே ஆக்கிவிட்டார். மனிதக் கண் முதலில் சிவப்பைப் பிடித்தது, பிறகு மஞ்சள், பச்சை, கடைசியில்தான் நீலம் என்று ஒரு ஏணி.

இந்த ஏணியில் தமிழை ஏற்றிப் பார்த்தால் என்ன ஆகும்? நான் சும்மா விளையாட்டுக்குச் செய்து பார்த்தேன். நம் பழைய சொற்களில் நிறத்துக்கு வேராக நிற்பவை கரு, வெண், செம், பசு ஆகிய நான்கு. மஞ்சள் ஒரு கிழங்கின் பெயர். நீலம் வடமொழியோடு நாம் பகிர்ந்துகொள்கிற சொல். பசும்பொன் என்கிறோம், பசும்புல் என்கிறோம். அப்படின்னா தமிழனுக்கு மஞ்சளும் பச்சையும் ஒன்றா? பொன்னைச் செம்பொன் என்றும் சொல்லிவிட்டோம், அப்போது சிவப்பும் போச்சு. சிவனின் கழுத்து நீலகண்டமாகவும் இருக்கிறது, கறைக்கண்டமாகவும் இருக்கிறது. திருமால் கார்வண்ணன், நீலமேனியன், பச்சைமால். கடவுளுக்கே மூன்று நிறம் என்றால் பக்தனின் கண் எப்படி இருந்திருக்கும்! ஊரில் மேய்கிற வெள்ளாட்டில் பாதி கறுப்பு. பச்சரிசி வெள்ளை. கல்யாணத் தரகர் 'பொண்ணு நல்ல செவப்பு' என்கிறபோது அவர் எந்தச் சிவப்பைச் சொல்கிறார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தச் சிவப்புக்குப் பின்னால் இருக்கிற சாதியும் தெரியும். கிளாட்ஸ்டன் மட்டும் ஹோமருக்குப் பதிலாக நம் ஆட்களைப் படித்திருந்தால், பாதி வளர்ந்த கண் நமக்கும் கிடைத்திருக்கும்.

பச்சை என்பது நிறம் மட்டும் இல்லை என்பது தமிழ் பேசுகிற எந்தக் குழந்தைக்கும் தெரியும். பச்சைத் தண்ணி, பச்சைப் புண், பச்சைக் குழந்தை, பச்சைப் பொய். ஈரம், காயாதது, வேகாதது, இப்போதுதான் வந்தது என்று அது விரிகிறது. ஹெரால்டு காங்க்ளின் 1955ல் பிலிப்பைன்ஸின் ஹனுனோ மக்களைப் பற்றி எழுதிய சிறிய கட்டுரை ஒன்று இதே மாதிரியான ஒரு மொழியைக் காட்டியது. அங்கே நான்கு அடிப்படைச் சொற்கள். அவை வெளிச்சம், இருட்டு, காய்ந்தது, ஈரமானது என்கிற அச்சுகளில் நிற்கின்றன. புதிதாக வெட்டிய மூங்கில் பழுப்பாகப் பளபளத்தாலும் அது 'பச்சை'யின் பக்கம்தான் சேரும். இந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அடுப்படியில் கேட்ட பேச்சு மாதிரித்தான் இருந்தது.

விவாதத்துக்குத் திரும்புவோம். மாக்னுஸின் ஏணிக்கு அப்போதே எதிர்ப்பு வந்தது. கிராண்ட் ஆலன் 1879ல் நிறப் புலன் பற்றிய தன் நூலில், பல நாடுகளில் இருந்த மிஷனரிகளையும் அதிகாரிகளையும் கடிதம் மூலம் விசாரித்து, எந்த மக்களின் கண்ணிலும் அப்படி ஒரு குறை இல்லை என்றார். பெர்லினில் விலங்குக் காட்சியோடு சேர்த்து மனிதர்களையும் காட்சிக்கு வைத்த காலம் அது. அப்படிக் கொண்டுவரப்பட்ட நூபியர்களை 1870களின் இறுதியில் விர்ஷோ சோதித்தார். சொல் இல்லை, ஆனால் நிறங்களைப் பிரித்தறிய முடிகிறது என்று பதிவு செய்தார். காட்சிப் பொருளாக நின்றவர்கள்தான் அந்தக் கோட்பாட்டை உடைத்தார்கள். மாக்னுஸே 1880ல் தன் வினாப்பட்டியலுக்குக் காலனிகளிலிருந்து வந்த பதில்களைத் தொகுத்தபோது கண்ணும் சொல்லும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆக, 1880லேயே வழக்கு முடிந்துவிட்டது. பின் ஏன் 1898ல் ரிவர்ஸ் அதைத் திரும்பவும் திறந்தார்? என் பார்வையில் இந்த வரலாற்றின் மையக் கேள்வியே இதுதான். இதற்குப் பதில் தேட, இடையில் நுழைந்த இரண்டு கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது அந்தக் கம்பளி நூல். 1875 நவம்பர் 14-15 இரவு சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் மோதி ஒன்பது பேர் செத்துப்போனார்கள். உப்சாலாவின் உடலியங்கியல் பேராசிரியர் ஹோல்ம்கிரென், விளக்கு சமிக்ஞையின் நிறம் தெரியாததால் நடந்திருக்கலாம் என்று சந்தேகித்தார். அடுத்த ஆண்டே ரயில்வே தொழிலாளிகளை வரிசையாக நிறுத்திச் சோதிக்க ஆரம்பித்தார். அவர் முறையின் புத்திசாலித்தனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். நிறத்தின் பெயரைக் கேட்கவே கூடாது. ஒரு நூல் கண்டைக் கொடுத்து, அதைப் போன்றவற்றைக் குவியலிலிருந்து பொறுக்கச் சொல்ல வேண்டும். சொல்லைத் தள்ளிவிட்டுக் கண்ணை மட்டும் பிடிக்கிற வழி. மலிவு, கையில் எடுத்துப் போகலாம், மொழி தேவையில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரயிலிலும் கப்பலிலும் வேலைக்குச் சேர்கிற தொழிலாளி இந்தக் குவியலைக் கடந்துதான் போக வேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் அந்த விபத்தின் ஆவணங்களைத் திரும்பப் படித்த ஜான் மோலன், கவோனியஸ் என்ற இருவரும், நிறக்குருடுதான் காரணம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2012ல் எழுதினார்கள். ஓட்டுநர் அந்த இரவே செத்துப்போனவர். அவரைச் சோதிக்க வழியில்லை.

நிறச் சோதனை என்பது ஆரம்பத்திலிருந்தே ஆளெடுப்பின், ஆள் கழிப்பின் கருவி. 1917ல் வந்த இஷிஹாரா அட்டைகளும் ஜப்பானிய ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற வேலையில் பிறந்தவைதான். வட்டத்துக்குள் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஒளிந்த எண். என் பெரியப்பா மகன் ஒருத்தர் எழுத்துத் தேர்வெல்லாம் தேறி, மருத்துவச் சோதனையில் இந்தப் புள்ளிகளிடம் தோற்றுப்போனார். அவர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: 'வெளக்கக் காட்டி எந்த வெளக்குன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்டா. புள்ளியக் காட்டி நம்பர் கேட்டாங்க.' விளக்கையே காட்டியிருந்தாலும் அவர் தேறியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் செய்யப்போகிற வேலைக்கும் செய்யச் சொல்கிற சோதனைக்கும் இடையே உள்ள தூரத்தை அவர் சரியாகத்தான் பிடித்திருந்தார். புனே திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்புப் படிப்புக்கு நிறக்குருடு உள்ளவர்களைச் சேர்க்க மறுத்த விதியை உச்ச நீதிமன்றம் 2022ல் ஏற்க மறுத்ததும் இந்தத் தூரத்தை முன்வைத்துத்தான்.

இரண்டாவது கருவி இன்னும் வேடிக்கையானது. ஜோசப் லவிபாண்ட் என்பவர் சாலிஸ்பரியில் பீர் காய்ச்சுகிற முதலாளி. பீரின் நிறத்தை அளந்து தரம் பிரிப்பதற்காக, படிப்படியாகச் செறிவு கூடும் நிறக் கண்ணாடிகளை வைத்து 1880களில் ஒரு நிறமானியைச் செய்தார். 1898ல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் நடுவிலுள்ள டாரஸ் ஜலசந்தித் தீவுகளுக்கு ஹாடன் தலைமையில் போன கேம்பிரிட்ஜ் குழுவில் ரிவர்ஸ் இந்தக் கருவியை எடுத்துப்போனார். நிறம் இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆகக் குறைந்த செறிவு எது? அதுதான் வாசல் அளவு. பீருக்குச் செய்ததைத் தீவுக்காரர்களின் கண்ணுக்குப் பிடித்தார்கள்.

மர்ரே தீவில் கம்பளிச் சோதனையில் ஒருவர்கூட சிவப்பு-பச்சைக் குருடாக இல்லை. ஐரோப்பியர்களைவிட மேல். ஆனால் பெயர் கேட்டபோது, கறுப்புக்குரிய சொல்லையே நீலத்துக்கும் சொன்னார்கள். அந்தச் சொல் கணவாய் மீனின் பெயரிலிருந்து வந்தது. கணவாயின் மை நினைவுக்கு வருகிறது. சிலர் ஆங்கில 'ப்ளூ'வை எடுத்து 'புலுபுலு' என்று இரட்டித்து வைத்திருந்தார்கள். இந்த இரட்டிப்பை நான் ரசித்தேன். நாமும் 'ப்ளூ கலர்' என்று சொல்லிவிட்டு நீலத்தை மறந்தவர்கள்தானே. ரிவர்ஸ் இதை ரசிக்கவில்லை, விளக்கப் பார்த்தார். நிறமானியில் நீலத்தின் வாசல் அளவு ஆங்கிலேயர்களுடையதைவிட உயர்ந்திருக்கவே, இவர்களுக்கு நீலம் ஓரளவு மங்கலாகத் தெரிகிறது, விழித்திரையின் மஞ்சள் நிறமி அடர்த்தியாக இருப்பது காரணமாகலாம் என்றார். 1901ல் ஒரு வெகுஜன அறிவியல் இதழில் 'தொல்குடி நிறப்பார்வை' என்ற தலைப்பிட்டுத் தீவு மொழிகளைக் கீழிருந்து மேலாக அடுக்கினார். கிளாட்ஸ்டனின் ஏணி திரும்ப நின்றுவிட்டது. இந்த முறை அதற்கு எண்கள் இருந்தன.

இந்த ஏணியைத் தூக்கிக்கொண்டுதான் அவர் நம் மலைகளுக்கு வந்தார். அவருடைய ஊராளி, சோளகர் கட்டுரையை வெளியிட்ட அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், தலையும் மூக்கும் அளக்கிற கருவிகளோடு ஊர் ஊராகப் போனவர். வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களில் லட்சணமானவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை மியூசியத்தில் வைக்கத்தான் இந்த ஆள் வந்திருக்கிறான் என்று பயந்ததை அவரே வேடிக்கையாக எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. மியூசியம் என்றால் என்ன என்று அந்தப் பெண்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தார்கள்.

நீலகிரியில் ரிவர்ஸுக்குக் கிடைத்தது எதிர்பார்த்தது இல்லை. தோடர் ஆண்களில் ஏறக்குறைய 13 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியவில்லை. ஐரோப்பிய ஆண்களில் இது சுமார் 8 சதவீதம் என்பது இன்றைய கணக்கு. மர்ரே தீவில் ஒருவரும் இல்லை, தோடர்களிடம் எட்டில் ஒருவர். இரண்டு பேரும் அவர் கணக்கில் 'தொல்குடிகள்' தான். ஏணியில் ஒரே படியில் நிற்க வேண்டியவர்கள் இரண்டு முனைகளில் நிற்கிறார்கள். இன்று இதற்கு விளக்கம் எளிது. அந்த மரபணு தாய்வழியாக மகனுக்கு வருகிற எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. எண்ணூறு பேர் அளவுக்குச் சுருங்கி, தமக்குள்ளேயே மணந்துகொள்கிற ஒரு மக்கள்கூட்டத்தில் அதன் விகிதம் தற்செயலாக ஏறலாம், மற்றொரு சிறிய கூட்டத்தில் அறவே இல்லாமலும் போகலாம். நாகரிகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தோடர்களின் எண்ணே ஏணியைக் கவிழ்க்கப் போதுமானதாக இருந்தது. கவிழவில்லை. நீலத்துக்கு ஒரு கணக்கு, சிவப்பு-பச்சைக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக எழுதப்பட்டுவிட்டது.

கவிழ்க்கிற வேலையை 1916ல் செய்தவர் அதே துறைக்காரர், கார்னெல் பல்கலைக்கழகத்தின் டிட்சனர். டாரஸ் ஜலசந்தி அறிக்கையை வரி வரியாகப் பிரித்து, சோதனை நடந்த அறையின் மங்கல் வெளிச்சமே நீலத்தை அப்படி ஆக்கியிருக்கலாம் என்று காட்டினார். அதே மாதிரியான நிலைமைகளில் அமெரிக்கர்களை உட்காரவைத்தாலும் நீலம் தடுமாறத்தான் செய்யும். அறையின் குறை கண்ணின் குறையாகி, கண்ணின் குறை இனத்தின் குறையாகிவிட்டது. ஃபூக்கோவின் பெயரைச் சொல்லி, அறிவியல் எல்லாமே அதிகாரம்தானே என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏணியை நிறுத்தியதும் அறிவியல்தான், அறையின் ஜன்னலை அளந்து பார்த்ததும் அறிவியல்தான். இதில் எது நம் கைக்கு வந்து சேர்ந்தது, எது வரவில்லை என்பதே அரசியல். ரிவர்ஸின் பெயர் தெரிந்த அளவுக்கு டிட்சனரின் அந்தக் கட்டுரை இங்கே யாருக்குத் தெரியும்?

*

இதே துறையின் இன்னொரு தொடக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1794ல் மான்செஸ்டரில் ஜான் டால்டன், நெசவாளி ஒருவரின் மகன், பின்னாளில் அணுக்கொள்கைக்குப் பெயர் பெற்றவர், தன் கண்ணைப் பற்றித் தானே ஒரு கட்டுரை வாசித்தார். சிவப்பு அரக்கும் ஒரு பச்சை இலையும் எனக்கு ஒரே மாதிரித் தெரிகின்றன என்றார். கண்ணுக்குள் இருக்கிற திரவம் நீலமாக இருப்பதால் அப்படி என்பது அவர் ஊகம். நான் செத்த பிறகு அறுத்துப் பாருங்கள் என்று சொல்லிவைத்தார். 1844ல் பார்த்தார்கள், திரவம் தெளிவாக இருந்தது. ஊகம் தப்பு. ஆனால் கண்ணைத் தூக்கிப்போடவில்லை, பத்திரப்படுத்தினார்கள். 1995ல் அந்தத் துணுக்கிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, அவருக்கு எந்தக் கூம்புச் செல் நிறமி இல்லை என்பதையும் சொல்லிவிட்டார்கள். ஒரு கண்ணுக்கு இருநூறு வருஷ மரியாதை.

டால்டனிடம் இருந்தது தோடர்களிடம் இல்லாமல் போனது என்ன? 'எனக்கு எப்படித் தெரிகிறது' என்று தானே எழுதும் இடம். ரிவர்ஸின் கட்டுரையில் தோடர் ஆண்கள் சதவீதமாக வருகிறார்கள், தவறாகப் பொறுக்கிய நூல் கண்டுகளாக வருகிறார்கள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எருமையை எப்படி அடையாளம் கண்டார்கள், பழுத்த பழத்தைக் காயிலிருந்து எப்படிப் பிரித்தார்கள், எட்டில் ஒருவருக்கு இப்படி என்றால் அவர்களுக்குள் அது ஒரு விஷயமாகவாவது இருந்ததா என்பதை அவர்கள் வாயால் சொல்ல அந்தக் கட்டுரையில் இடம் கிடையாது. தோடர் பெண்கள் வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்பும் இழைத்துப் போடுகிற பூவேலை உலகத்துக்கே தெரியும். நூலை நிறம் பார்த்துப் பொறுக்குவதில் அவர்களுக்கு இருந்த தேர்ச்சியை வைத்துச் சோதனையை அமைத்திருக்க முடியாதா என்று எனக்கு ஒரு கேள்வி.

1986ல் மனித நிறப்பார்வை மரபணுக்களை முதலில் பிரித்தெடுத்த ஜெரமி நாதன்ஸ் அதற்குப் பயன்படுத்தியது தன் சொந்த மரபணுவையே. இதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் ஒரு வழக்கம் தெரிகிறது: ஆய்வாளர் தன்னைச் சோதித்துக்கொள்ளும்போது அது மனிதக் கண், இன்னொருவரைச் சோதிக்கும்போது அது அந்த இனத்தின் கண்.

இந்த வழக்கம் சட்டமாகவே ஆன ஆண்டு 1931. சாயம், பெயின்ட், விளக்கு, கண்ணாடித் தொழில்களுக்கு நிறத்தை எண்ணாகச் சொல்ல ஓர் உலக அளவுகோல் வேண்டியிருந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டபிள்யூ.டி. ரைட் பத்துப் பேரையும், டெடிங்டனில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜான் கில்டு ஏழு பேரையும் உட்காரவைத்து, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளை எந்த விகிதத்தில் கலந்தால் நிறமாலையின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஈடாகும் என்று அளந்திருந்தார்கள். தாமஸ் யங் 1801-02ல் ஊகித்து, மேக்ஸ்வெல்லும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் வளர்த்த மூன்று-ஏற்பி கோட்பாட்டின் நேரடி அறுவடை இது. இரண்டு ஆய்வகத்து எண்களும் ஒத்துப்போயின. கேம்பிரிட்ஜில் கூடிய ஒளியியல் சர்வதேச ஆணையம் அந்தப் பதினேழு பேரின் சராசரியை எடுத்து அதற்கு 'தர நோக்காளர்' என்று பெயர் சூட்டியது. பதினேழு ஆங்கிலேயக் கண்கள். இதில் எந்தக் கண்ணும் தர நோக்காளரோடு முழுசாக ஒத்துப்போகாது. சராசரி என்பது யாருடைய முகத்திலும் இருக்காது. டாரஸ் ஜலசந்தியில் ஆங்கிலேயர்களோடு ஒப்பிட்டுக் குறை சொன்னபோது அளவுகோல் ரிவர்ஸின் பைக்குள் இருந்தது. 1931க்குப் பிறகு அது உலகத்தின் பொது இயல்பு.

இதைச் சதி என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பதினேழு பேரின் எண்கள் ஆச்சரியப்படத்தக்க அளவு நன்றாகவே வேலை செய்கின்றன. பிற்பாடு 49 பேரை வைத்து ஸ்டைல்ஸும் பர்ச்சும் 1959ல் வெளியிட்ட அளவுகள் சில இடங்களில்தான் திருத்தின. மனிதக் கண்களிடையே அவ்வளவு ஒற்றுமை இருக்கிறது. அந்த ஒற்றுமையை வைத்தே கிளாட்ஸ்டனின் ஏணியைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

எறிந்தார்களா? 1969ல் பெர்லினும் கேயும் 98 மொழிகளை ஒப்பிட்டு, அடிப்படை நிறச் சொற்கள் எல்லா மொழியிலும் ஒரே வரிசையில்தான் முளைக்கின்றன என்றார்கள்: கறுப்பு வெள்ளை, அப்புறம் சிவப்பு, பச்சையும் மஞ்சளும், பிறகு நீலம். நேரடிச் சோதனை நடந்தது 20 மொழிகளுக்கு மட்டும். பேசியவர்கள் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வசித்தவர்கள். கண் குறைபாடு என்ற பேச்சை இவர்கள் எடுக்கவில்லை, நேர்மாறாக எல்லோருக்கும் ஒரே கண் என்றார்கள். ஆனால் ஏணி அப்படியே, படிகள் அப்படியே. இப்போது அதில் ஏறுவது கண் அல்ல, பண்பாடு. 1976ல் தொடங்கிய அடுத்த பெரும் ஆய்வு, எழுத்தில்லாத 110 மொழிகளில், மொழிக்குச் சராசரி 24 பேரிடம், 330 நிறச் சில்லுகளைக் காட்டிப் பெயர் கேட்டது. களத்தில் கேட்டவர்களில் பெரும்பகுதி பைபிள் மொழிபெயர்ப்புக்காக அங்கே தங்கியிருந்த மிஷனரி மொழியியலாளர்கள்.

சில்லு ஈரமில்லாதது, எந்தப் பொருளையும் சாராதது. பொருளைச் சார்ந்த சொல் 'அடிப்படை' இல்லை என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. இந்த நிபந்தனையோடு நம்ம ஊர்ப் பட்டுச்சேலைக் கடைக்குள் நுழைந்தால் என்ன மிஞ்சும்? அரக்கு, மாம்பழம், மயில்கழுத்து, கிளிப்பச்சை, வாடாமல்லி, கத்தரிப்பூ, வெங்காயத்தோல், எம்.எஸ். ப்ளூ எல்லாம் வெளியே போகும். காங்கேயம் மாட்டுக்காரரிடம் செவலை, மயிலை, காரி போகும். சாயம் போடுகிறவனும் மாடு பார்க்கிறவனும் நெய்கிறவனும் வேலையின் நடுவே உண்டாக்கிய சொற்கள் அத்தனையும் கழிந்து, மிச்சம் இருக்கிற நாலைந்து சொல்லை எண்ணி, இவர்கள் இந்தப் படியில் என்று எழுதுவதற்குப் பெயர் சர்வதேசியம். சாண்டர்ஸும் ஃபான் பிராக்கலும் 1997ல் இந்த முறையியலைக் கடுமையாகத் தாக்கினார்கள். பாப்புவா நியூ கினியின் பெரின்மோ மக்களிடம் டெபி ராபர்சனும் கூட்டாளிகளும் செய்து 1999ல் வெளியிட்ட சோதனைகள், ஆங்கிலத்தின் நீல-பச்சை எல்லை அங்கே எந்த விசேஷமும் இல்லாத இடம் என்று காட்டின. மறுபக்கம், அந்த 110 மொழிகளின் தரவைக் கேயும் ரெகியரும் 2003ல் புள்ளியியல் முறையில் சோதித்து, நிறச் சொற்களின் மையங்கள் மொழிகளுக்கு இடையே தற்செயலுக்கு மேலான அளவில் ஒன்றுகூடுகின்றன என்று காட்டியதையும் மறைக்கக்கூடாது. மொழி தன் இஷ்டத்துக்கு வானவில்லை வெட்டுகிறது என்கிற பழைய சார்புவாதம் இங்கே நிற்காது. நம் பத்திரிகைகளில் அந்த வாதம் இன்னும் உலவுவதால் சொல்கிறேன்.

ரிவர்ஸின் நிறமி இத்தோடு ஓய்ந்ததா என்றால், இல்லை. 2002ல் லிண்ட்சே, பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், வெப்ப மண்டல மொழிகள் பலவற்றில் நீலத்துக்குத் தனிச் சொல் இல்லாததற்கு, கடும் வெயிலில் கண்ணின் வில்லை மஞ்சளித்துப்போவது காரணம் என்றார்கள். 1901ல் விழித்திரையில் இருந்த மஞ்சள் இப்போது வில்லைக்கு வந்துவிட்டது. 2005ல் ஹார்டி, ஃபிரெடெரிக், கே, வெர்னர் என்ற நால்வர் அதைச் சோதிக்க ஒரு எளிய வழி கண்டார்கள். வயதானால் எல்லோருக்கும்தான் வில்லை மஞ்சளிக்கிறது. அமெரிக்கக் கிழவர்கள் நீலத்தை நீலம் என்கிறார்களா? சொன்னார்கள். இளைஞர்கள் எதை நீலம் என்றார்களோ ஏறக்குறைய அதையே அவர்களும் நீலம் என்றார்கள். நால்வரில் அந்தக் கே, 1969ன் அதே பால் கே.

அந்தப் பதினேழு பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். கணினித் திரைகளும் கைப்பேசிகளும் பின்பற்றுகிற நிறத் தரம் 1931 கணக்கின் மேல் கட்டியது. சிறுபத்திரிகை நடத்துகிறவர்கள் அட்டைப்பட நிறத்துக்காக அச்சகத்தில் போடுகிற சண்டை எல்லோருக்கும் தெரியும். திரையில் பார்த்த சிவப்பு வேறு, தாளில் விழுந்த சிவப்பு வேறு. அச்சகக்காரர் 'மெஷின்ல கரெக்டாதான் சார் இருக்கு' என்பார். மெஷினில் இருப்பது ரைட்டின் பத்துப் பேரும் கில்டின் ஏழு பேரும்.